திறந்தமூல அகழ்வுப்பொறிகள்: பிட்காயின் வன்பொருள் வடிவமைப்பில் பகிர்வும் மறைப்பும் (2011–2024)

ஆய்வுச் சுருக்கம்

பிட்காயின் அகழ்வுக்கான வன்பொருள் வடிவமைப்பை எவரும் படிக்கவும் திருத்தவும் செய்துபார்க்கவும் ஏற்ற வகையில் வெளியிடும் முயற்சி 2011இல் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் அது சில்லு என்னும் எல்லையில் தடைப்பட்டது. பின்னர்ச் சுற்றுப்பலகை அளவில் மீண்டும் தலையெடுத்தது. தடைக்கு உரிமச் சட்டத்தின் போதாமையும் உற்பத்திச் செலவும் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. அவற்றுக்கும் அடிப்படையாக, அகழ்வு வருவாயின் கணக்கே பகிர்பவருக்கு இழப்பைத் தருவதாய் அமைந்துள்ளது என்பது இக்கட்டுரையின் வாதம். எஃப்.பி.ஜி.ஏ. காலத்து வடிவமைப்புகள், அவலான் சில்லும் கிளாண்டைக் பலகையும், 2017ஆம் ஆண்டின் இரு சர்ச்சைகள், பிட்டாக்ஸ் பலகை ஆகியவை இவ்வாதத்திற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பிட்காயின், அகழ்வு, திறந்தமூல வன்பொருள், எஃப்.பி.ஜி.ஏ., ஏசிக், சுற்றுப்பலகை, உரிமம்.

முன்னுரை

திறந்தமூல மென்பொருளின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. திறந்தமூல வன்பொருளின் வரலாறு இன்னும் சிதறிக் கிடக்கிறது. ஒரு பொருளின் சுற்றுவரைபடம், பலகை அமைப்பு, உதிரிப்பட்டியல், அதை இயக்கும் நிரல் ஆகிய அனைத்தையும் வெளியிட்டு, வேறொருவர் அதையே செய்து விற்கவும் இசைவு தருவதே திறந்தமூல வன்பொருள் எனப்படுகிறது. இதற்கான பொது வரையறையின் முதற்பதிப்பு 2011 பிப்ரவரியில் வெளிவந்தது. ஜெனீவாவை அடுத்துள்ள செர்ன் ஆய்வுக்கூடம் தன் திறந்த வன்பொருள் உரிமத்தை அவ்வாண்டு மார்ச்சில் வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், பிட்காயின் அகழ்வுக்கான முதல் திறந்தமூல எஃப்.பி.ஜி.ஏ. வடிவமைப்பு பொதுவெளிக்கு வந்தது. மூன்றும் அடுத்தடுத்து நிகழ்ந்தன என்பதைத் தவிர, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் எனக் கூறுதற்கு இடமில்லை. ஆயினும் வன்பொருளையும் பகிரலாம் என்னும் எண்ணம் அவ்வாண்டில் பரவலாக இருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

இத்துறையின் முதன்மைச் சான்றுகள் மூலநிரல் களஞ்சியங்களும் சுற்றுவரைபடக் கோப்புகளுமே. அவற்றை ஆக்கியோர் பலர் புனைபெயருக்குள் ஒளிந்தவர்கள். சுவடிப்பதிப்பில் ஏடெழுதியவர் பெயர் தெரியாதபோதும் பாடத்தின் வழியே அவர் செய்கையை உணர்வது போல, இங்கும் கோப்புகளைக் கொண்டே வரலாற்றைக் கட்ட வேண்டியிருக்கிறது.

அகழ்வின் கணக்கு

அகழ்வு என்பது உண்மையில் ஒரு தேடல். பிட்காயின் தொகுதியின் தலைப்பு 80 பைட்டுகள் கொண்டது. அதன் இறுதி 4 பைட்டுகள் நான்ஸ் எனப்படும் எண். அவ்வெண்ணை மாற்றி மாற்றித் தலைப்பு முழுவதையும் எஸ்.எச்.ஏ-256 என்னும் செயல்முறைக்கு இருமுறை உட்படுத்தி, விடை குறித்த ஓர் இலக்கினும் சிறியதாக வருமளவும் தேடிக்கொண்டே இருப்பதுதான் அகழ்வுப்பொறியின் வேலை. இச்செயல்முறை அமெரிக்கத் தரநிறுவனம் 2002இல் வெளியிட்ட பொதுத்தரத்தைச் சேர்ந்தது. அதில் மறைவு எதுவுமில்லை. ஒருவர் கையாலும் கணக்கிடலாம், நேரந்தான் போதாது.

எஸ்.எச்.ஏ-256 தன் உள்ளீட்டை 64 பைட்டுத் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. நான்ஸ் தலைப்பின் கடைசிப் பகுதியில் இருப்பதால், முதல் 64 பைட்டுகளுக்கான கணக்கை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டால் போதும். எஞ்சியது இரண்டு துண்டுகளின் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 64 சுற்றுகள், ஆக 128 சுற்றுகள். அகழ்வு வன்பொருளின் வரலாறு முழுவதும் இந்த 128 சுற்றுகளைக் குறைந்த இடத்தில், குறைந்த மின்சாரத்தில், விரைந்து செய்வது எப்படி என்பதைப் பற்றியதே.

இனி வருவாய்க்கு வருவோம். புதிய நாணயங்கள் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி என்னும் அளவிலேயே வெளிவரும். தொகுதிக்கான பரிசு தொடக்கத்தில் 50 பிட்காயின். 2012 நவம்பர் 28இல் அது 25 ஆயிற்று. அகழ்வோர் தொகை பெருகினாலும் பொறிகள் வேகமடைந்தாலும் இவ்வளவு மாறாது. ஒவ்வொரு 2016 தொகுதிகளுக்கும் ஒருமுறை, தேடலின் கடினநிலை தானே உயர்ந்தோ தாழ்ந்தோ இந்நிரலை நிலைநிறுத்துகிறது. ஆகவே ஒருவர் பொறியின் வேகம் இரட்டித்தால் அவர் பங்கு கூடும். எல்லாருடைய பொறியும் இரட்டித்தால் எவர் பங்கும் கூடாது, செலவு மட்டுமே நிற்கும்.

திறந்தமூல இயக்கத்தின் வழக்கமான நியாயம் இங்குச் செல்லாது. லினக்ஸ் கருவகத்துக்கு ஒருவர் திருத்தம் அளித்தால் அதைப் பெறும் ஆயிரம் பேரின் நலம் அளித்தவரின் நலத்தைக் குறைப்பதில்லை. நல்லதோர் அகழ்வு வடிவமைப்பை வெளியிடுபவரோ, தம் பங்கைத் தாமே கரைத்துக்கொள்கிறார். இதை முதலில் உணர்ந்தவர் சதோஷி நகமோட்டோ என்றே கொள்ளலாம். வரைகலை அட்டைகளைக் கொண்டு அகழும் போட்டியை இயன்றவரை தள்ளிப்போட வேண்டும் என்று 2009 டிசம்பரிலேயே அவர் கேட்டுக்கொண்டார். சாதாரணக் கணினி வைத்திருப்போரும் பங்குபெற வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வேண்டுகோள் ஓராண்டும் தாங்கவில்லை. 2010க்குள் வரைகலை அட்டை அகழ்வு பரவிவிட்டது.

எழுத்தே பொறியாக இருந்த காலம்

எஃப்.பி.ஜி.ஏ. என்பது வாங்கியபின் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளத்தக்க சில்லு. வெரிலாக் போன்ற மொழியில் சுற்றை எழுதி ஏற்றினால் அது அச்சுற்றாகவே மாறிவிடும். எழுத்துக்கும் பொறிக்கும் இடையே தொழிற்சாலை இல்லை. இப்பண்பே 2011ஐயும் 2012ஐயும் திறந்த அகழ்வு வன்பொருளின் செழிப்பான ஆண்டுகளாக ஆக்கிற்று.

எஃப்.பி.ஜி.ஏ.மைனர் என்னும் புனைபெயரினர் 2011 மே மாதம் வெளியிட்ட வடிவமைப்பு, கல்லூரி ஆய்வகங்களில் பயன்படும் ஆல்டிரா நிறுவனத்தின் டி.இ.2-115 பலகைக்கென எழுதப்பட்டது. அதன் நயம் ஒரே ஒரு மாறிலியில் அடங்கியிருக்கிறது. அம்மாறிலி சுழியமாக இருந்தால் 64 சுற்றுகளும் தனித்தனிச் சுற்றமைப்புகளாக விரிந்து, கடிகாரத் துடிப்புக்கு ஒரு ஹேஷ் என்னும் வேகம் கிட்டும். 80 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் நொடிக்கு எட்டுக்கோடி ஹேஷ். சில்லு சிறியதாயின் மாறிலியை ஒவ்வொன்றாக உயர்த்தலாம். ஒவ்வோர் உயர்வுக்கும் சுற்றின் பரப்பும் வேகமும் ஏறத்தாழப் பாதியாகும். பெரிய பலகை வாங்க இயலாத மாணவரும் கையிலுள்ள சிறு பலகையில் அதே நிரலை ஓட்டிப்பார்க்க முடிந்தது. பகிர்வை நோக்கமாகக் கொண்ட வடிவமைப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. தனக்கென மட்டும் எழுதுபவருக்குத் தம் பலகைக்குரிய அளவு போதும், மாறிலி எதற்கு?

வேகத்தை மட்டும் பார்த்தால் எஃப்.பி.ஜி.ஏ. வியப்பளிப்பதன்று. ஏ.டி.ஐ. ரேடியான் 5870 அட்டை நொடிக்கு ஏறத்தாழ 40 கோடி ஹேஷ் தந்தது. ஆனால் அது 200 வாட்டை நெருங்கி மின்சாரம் உண்டது. பிட்காயின் விலை 2011 ஜூனில் 30 டாலர் அளவுக்கு ஏறி நவம்பருக்குள் 2 டாலர் அளவுக்குச் சரிந்தபோது, மின்கட்டணமே அகழ்வோரின் முதற்கவலை ஆயிற்று. குறைந்த மின்சாரத்தில் ஓடும் எஃப்.பி.ஜி.ஏ. பலகைகளுக்கு இவ்வீழ்ச்சியே சந்தையை உண்டாக்கிற்று எனலாம். ஜெர்மனியின் இசட்டெக்ஸ், தன் பலகைகளுக்கான அகழ்வு மென்பொருளை ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டது. சீனாவில் பெய்ஹாங் பல்கலைக்கழக ஆய்வு மாணவராக இருந்த ஜாங் நான்கெங் வடிவமைத்த ஐகரஸ் பலகை இரண்டு ஸ்பார்டன்-6 சில்லுகளைக் கொண்டு, 20 வாட்டுக்கு அருகில் ஓடி, நொடிக்கு 38 கோடி ஹேஷ் தந்தது. அதன் வரைபடங்களும் நிரலும் பொதுவில் வைக்கப்பட்டன.

இவர்கள் ஏன் பகிர்ந்தனர்? கொள்கைப்பற்றை மறுக்க வேண்டியதில்லை. எனினும் ஒரு பொருளாதாரக் காரணமும் தெரிகிறது. இவர்களின் வருவாய் அகழ்வதில் அன்று, பலகை விற்பதில் இருந்தது. நிரல் பரவினால் பலகைக்குத் தேவை கூடும். ஸ்பார்டன்-6 சில்லை எவரும் கடையில் வாங்கலாம் என்பதால் மறைப்பதால் கிடைக்கும் ஆதாயமும் குறைவு. அதே சில்லில் கூடுதல் வேகம் தரும் உள்ளமைப்புகளைக் கண்டவர்களுள் சிலர், அவற்றை மூடிய வடிவில் தந்து, அகழ்ந்ததில் ஒரு பங்கைத் தரகாகப் பெற்றதும் இக்காலத்திலேயே நிகழ்ந்தது. முதற்பகுதியில் கூறிய கணக்கு அப்போதே தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

இந்நிலைக்கு இணையாக மென்பொருள் பக்கத்தில் சிஜிமைனர் வளர்ந்தது. அதை ஆக்கியவர் ஆஸ்திரேலியாவின் கான் கொலிவாஸ். தொழிலால் மயக்கமருந்து மருத்துவர், ஓய்வில் லினக்ஸ் கருவகத்தின் பணிவரிசைப்படுத்திகளை எழுதி அறியப்பட்டவர். ஜெஃப் கார்சிக் எழுதிய சிபியுமைனரிலிருந்து 2011இல் கிளைத்த இம்மென்பொருள், பின்வந்த அகழ்வுப்பொறிகளுள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை ஆயிற்று.

சில்லும் காலமும்

ஜாங் நான்கெங்கும் துணைவரும் ஐகரசுக்குப் பின் எடுத்த முடிவு இவ்வரலாற்றின் திருப்பம். அகழ்வுக்கென்றே ஒரு சில்லை அச்சிட அவர்கள் முன்பணம் திரட்டினர். முதற்றொகுப்பில் 300 பொறிகள், விலை 1,299 டாலர். அவலான் எனப் பெயரிடப்பட்ட அப்பொறி 2013 ஜனவரி இறுதியில் முதலில் கார்சிக்கின் கைக்குச் சென்றது. 110 நானோமீட்டர்த் தொழில்நுட்பத்தில் அச்சான 240 சில்லுகள் அதனுள் இருந்தன. வேகம் நொடிக்கு 6,600 கோடி ஹேஷ் அளவு.

அவலான் முற்றும் மூடிய பொறி அன்று. அதன் கட்டுப்பாட்டுக்கு விலைகுறைந்த டிபி-லிங்க் வழிச்செயலி ஒன்றே பயன்பட்டது, அதில் திறந்தமூல ஓப்பன்டபிள்யுஆர்டி ஓடியது, மேலே சிஜிமைனர். பலகைக்குரிய மேற்கோள் வடிவமைப்பும் வெளியிடப்பட்டது. மூடியிருந்தது சில்லு மட்டும். ஆனால் 128 சுற்றுகளும் அதனுள்தான் இருந்தன. ஐகரசில் எவரும் திருத்தக்கூடிய எழுத்தாக இருந்த பகுதி, அவலானில் தொழிற்சாலையின் அச்சுத்தகட்டுக்குள் போய்விட்டது.

பின்னர் அந்நிறுவனம் பத்தாயிரம் பத்தாயிரமாகச் சில்லுகளைத் தனியே விற்க முன்வந்தது. அகழ்வோர் கூட்டாகப் பணம் சேர்த்து வாங்கினர். சில்லு வந்தால் அதைப் பொருத்தப் பலகை வேண்டுமே. பிகேகேகாயின்ஸ் என்னும் புனைபெயரினர் அதற்கென உருவாக்கியதே கிளாண்டைக். பத்து செ.மீ. சதுரப் பலகை, பதினாறு சில்லுகள், சிறிய நுண்கட்டுப்படுத்தி ஒன்று. சில்லுக்கு நொடிக்கு 28.2 கோடி ஹேஷ் வீதம் பலகைக்கு 450 கோடி. கோப்புகள் அனைத்தும் கைகேட் என்னும் கட்டற்ற வரைமென்பொருளில் வரையப்பட்டு வெளியிடப்பட்டன. எந்த ஊரிலும் பலகை அச்சிடும் கடையில் கொடுத்து ஆக்கிக்கொள்ளலாம். வடிவமைப்பு என்ற அளவில் கிளாண்டைக் குறையற்றது. குறை காலத்தில் இருந்தது.

சில்லுகள் குறித்த காலத்தில் வரவில்லை. 2013 ஜூன் இறுதியில் 2.13 கோடியாக இருந்த கடினநிலை, அக்டோபர் தொடக்கத்தில் 14.88 கோடி ஆயிற்று. மூன்றுமாதத் தாமதம் ஒரு பலகையின் நாள்வருவாயை ஏழில் ஒன்றாக்கிவிட்டது என்பது இதன் பொருள். அவ்வாண்டு ஜனவரியில் கடினநிலை 30 இலட்சத்தை ஒட்டி இருந்தது. டிசம்பர் இறுதியில் 118 கோடி. பலகை வரைவோர், அச்சிடுவோர், உதிரி பொருத்துவோர், அனுப்புவோர் எனக் கைமாறிச் செல்லும் கூட்டுமுயற்சி, இத்தகைய வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாது. திறந்தமூலப் பணியின் வலிமை பலர் பொறுமையாகத் திருத்துவதில் உள்ளது. இங்கே பொறுமைக்கு விலை இருந்தது.

ஐகரசைப் பொதுவில் வைத்த ஜாங் நான்கெங்கின் கனான் நிறுவனம் 2019 நவம்பரில் அமெரிக்க நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இதைக் கொள்கைத் துரோகம் என எழுதுவோர் உண்டு. அவ்வாறு கூறுவது எளிது, விளக்கம் ஆகாது. சில்லு அச்சிடப் பிறர் பணத்தை முன்கூட்டிப் பெற்றவர், அச்சில்லின் உள்ளமைப்பைப் போட்டியாளர் கையில் கொடுப்பதற்கு எந்தக் கணக்கும் இடம்தரவில்லை.

உரிமத்தின் எல்லை

ஜி.பி.எல். போன்ற உரிமங்கள் பதிப்புரிமையின் மேல் நிற்பவை. எழுத்து பதிப்புரிமைக்கு உட்பட்டது. சுற்றின் செயல் உட்பட்டதன்று. ஒரு சுற்றுவரைபடத்தைப் படி எடுப்பதை உரிமம் கட்டுப்படுத்தலாம். அதைப் பார்த்துச் செய்த பொருளைக் கட்டுப்படுத்துவது ஐயத்துக்குரியது. சில்லின் தள அமைப்புக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன: அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியாவில் 2000ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டும் பத்தாண்டுப் பாதுகாப்பு அளிப்பவை. அவை தடுப்பதற்காக எழுதப்பட்டவை. பகிர்வைக் கட்டாயமாக்கும் வகை அவற்றில் இல்லை. இவ்விடைவெளியை நிரப்பவே 2007இல் டேப்பர் உரிமமும் 2011இல் செர்ன் உரிமமும் தோன்றின.

ஆயினும் 2017இல் நிகழ்ந்த இரு சர்ச்சைகள், உரிமத்தைக் காட்டிலும் அடிப்படையான ஒன்றை வெளிப்படுத்தின. ஒன்று ஆன்ட்பிளீட். பிட்மெயின் நிறுவனத்தின் ஆன்ட்மைனர் பொறிகளை இயக்கும் நிரல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்நிறுவனத்தின் வழங்கி ஒன்றைத் தொடர்புகொண்டு பொறியின் அடையாளங்களை அனுப்பியது. எதிர்மறை விடை வந்தால் பொறி அகழ்வதை நிறுத்திவிடும். 2017 ஏப்ரல் 26இல் இது அம்பலமானது. பொறியை வேறிடத்தில் வைத்திருக்கும் உரிமையாளர் அதைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தவே அவ்வசதி தொடங்கப்பட்டது, முற்றுப்பெறவில்லை என்று நிறுவனம் விளக்கி, திருத்திய நிரலை வெளியிட்டது. விளக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறம் இருக்க, அது கண்டறியப்பட்ட வகை கருதத்தக்கது. அந்நிரல் சிஜிமைனர் வழிவந்தது, மூலம் பொதுவில் இருந்தது, படித்தவர்கள் கண்டனர்.

மற்றொன்று ஏசிக்பூஸ்ட். எஸ்.எச்.ஏ-256 கணக்கின் ஒரு பகுதியைப் பல தலைப்புகளுக்குப் பொதுவாக்கி ஏறத்தாழ 20 விழுக்காடு வரை உழைப்பைக் குறைக்கும் இவ்வுத்தியை டிமோ ஹான்கேயும் செர்ஜியோ டெமியன் லெர்னரும் முன்வைத்தனர். இதை வெளித்தெரியாத வகையில் செய்யும் திறன் ஒரு சில்லில் பொதிந்திருப்பதாக கிரெக் மேக்ஸ்வெல் 2017 ஏப்ரலில் அறிவித்தார். தன் சில்லுகளில் அத்திறன் உண்டு என ஒப்புக்கொண்ட பிட்மெயின், மெய்ப்பிணையத்தில் அதைப் பயன்படுத்தவில்லை என்றது. இவ்வுண்மையைச் சோதிக்க மேக்ஸ்வெல் சில்லை ஆராய்ந்து பின்னோக்கிப் படிக்க வேண்டியிருந்தது. அப்பொறிகளை விலைகொடுத்து வாங்கிய பல்லாயிரவர், தாம் வாங்கியதில் என்ன இருக்கிறது என்பதை அறியாமலே இருந்தனர். நிரலில் இருந்ததைக் காண வாசிப்பு போதுமானதாயிற்று, சில்லில் இருந்ததைக் காண ஆய்வுக்கூட உழைப்பு தேவைப்பட்டது. காப்புரிமையின் ஒரு பகுதி 2018இல் தற்காப்பு உரிமம் ஒன்றின்கீழ்ப் பொதுவாக்கப்பட்டபின் இவ்வுத்தி வெளிப்படையாகவே எல்லாப் பொறிகளுக்கும் பரவியது. பரவியதும் எவருக்கும் தனி ஆதாயம் இல்லாது போயிற்று.

பலகைக்குத் திரும்புதல்

2020களின் தொடக்கத்தில் ஸ்காட் என அறியப்படும் அமெரிக்கப் பொறியாளர் தொடங்கிய பிட்டாக்ஸ், கிளாண்டைக்கின் நேர் வாரிசு எனத் தோன்றலாம். அதே கைகேட், அதே சிறுபலகை. வேறுபாடு, சில்லு கிடைத்த வழியில் உள்ளது. பிட்மெயின் தன் சில்லைத் தனியே விற்பதில்லை, தகவலேடும் வெளியிடுவதில்லை. பழைய ஆன்ட்மைனர்ப் பலகைகளிலிருந்து சில்லைச் சூடாக்கிப் பெயர்த்தெடுத்து, கட்டுப்பாட்டுப் பலகைக்கும் சில்லுக்கும் இடையே ஓடும் குறிகைகளைக் கேட்டுப் பதிந்து, எந்த முனை எதற்கு, எந்தக் கட்டளைக்கு என்ன விடை எனத் தேடி அறிந்தனர். முதல் வகை எஸ்17 பொறியின் பி.எம்.1397 சில்லைக் கொண்டது. பின்வந்த அல்ட்ரா, சுப்ரா, காமா ஆகியவை முறையே பி.எம்.1366, 1368, 1370 சில்லுகளைக் கொண்டவை. கட்டுப்பாட்டுக்கு இ.எஸ்.பி.32 நுண்கட்டுப்படுத்தி, அதன் நிரல் ஜி.பி.எல். உரிமத்தில் உள்ளது.

காமா வகை நொடிக்கு 1.2 லட்சங்கோடி ஹேஷ் தருகிறது. மின்சாரம் 20 வாட்டுக்குள். மின்திறனில் பெரும்பொறிகளுக்கு அது தாழ்ந்ததன்று, ஏனெனில் சில்லு அவற்றினதே. ஆனால் பிணையம் முழுவதும் அதைப்போல் ஏறத்தாழ எண்பது கோடி மடங்கு வேகத்தில் ஓடும்போது, ஒற்றைப் பிட்டாக்ஸ் தனித்து ஒரு தொகுதியைக் கண்டடையச் சராசரியாக 15,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதை வாங்குவோர் அறிந்தே வாங்குகின்றனர். பலர் கொலிவாஸ் நடத்தும் தனியகழ்வு வழங்கியில் அதை இணைத்துப் பரிசுச்சீட்டு போல வைத்திருக்கின்றனர். அகழ்வு வருவாய் ஏறத்தாழ இல்லை என்றான இடத்தில், பகிர்வதால் வரும் இழப்பும் இல்லை. 2012இல் பலகை விற்றோர் பகிர்ந்ததும் 2020களில் பிட்டாக்ஸ் ஆக்குவோர் பகிர்வதும் ஒரே காரணத்தால்தான்: இருவரும் தாங்கள் பகிர்ந்த பொறியின் அகழ்வை நம்பி வாழ்ந்தவர்கள் அல்லர்.

பிட்டாக்ஸ் திறந்தமூல வன்பொருள்தானா என்னும் வினா இயல்பாகவே எழுகிறது. திறந்தமூல வன்பொருளின் கொள்கைக் கூற்று, எளிதில் கிடைக்கும் உதிரிகளைப் பயன்படுத்துவதை விரும்பத்தக்கதாகக் குறிக்கிறது. தகவலேடு அற்ற, பழம்பொறியிலிருந்து பெயர்த்தெடுத்த சில்லு அவ்விருப்பத்துக்கு முற்றிலும் எதிரானது. சில்லையும் திறக்கலாம் என்போர், 2020இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் வெளியிட்ட திறந்த உற்பத்தி விதிக்கோவையைச் சுட்டுவர். அதன் அளவு 130 நானோமீட்டர். 2013இன் அவலான் 110இல் அச்சானது, பி.எம்.1366 5 நானோமீட்டரைச் சேர்ந்தது. அதாவது, இன்று திறந்த வழியில் அச்சிடக்கூடிய சில்லு, ஏசிக் வரலாற்றின் முதல் மாதத்தையும் எட்டாது. சில்லைத் தனியே விற்க முன்வந்த இன்டெல் நிறுவனம், 2022 ஏப்ரலில் பிளாக்ஸ்கேல் என்னும் பெயரில் அறிவித்த வரிசையை 2023 ஏப்ரலில் கைவிட்டது.

கூட்டத்துக்குள் இப்போது நிகழும் பூசல் சில்லைப் பற்றியதன்று. வடிவமைப்பை எடுத்து மாற்றி, மாற்றத்தை வெளியிடாமல், அதே பெயரில் விற்கும் நிறுவனங்களைப் பற்றியது. ஆக்கியோர் உரிய விற்பனையாளரின் பட்டியல் ஒன்றை வைத்துள்ளனர். பட்டியலில் இல்லாதவரைத் தடுக்கும் வழி அவர்களிடம் இல்லை. வழக்குத் தொடுப்பதற்கு உரிமத்தின் எந்தப் பகுதி, பலகையின் எந்த அடுக்கைத் தொடுகிறது என்பதை முதலில் நிறுவியாக வேண்டும்.